எல்லாச் சக்கரமும் மேடை மேல்

ஊருக்கு வெளியே, பெரிய சாலை கல்குவாரிப் பக்கம் திரும்பும் இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. லாரி ஏறி நிற்கும் நீளமான இரும்பு மேடை, அதன் அருகே கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, கம்பத்தின் உச்சியில் சிவப்பு எண்கள் மின்னும் பலகை. இருபத்தேழு வருடமாக அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் எடைமேடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வேறு பெயர் இருப்பது ரேஷன் அட்டைக்கும் அவருடைய மகளுக்கும் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அவரிடம் எந்த டிரைவருடைய பருப்பும் வேகாது. காலி எடை கூடினால் கணக்கில் சுமை குறையும் என்று, காலி வண்டியை எடை போடும்போது ஆளை உள்ளே படுக்க வைத்துக் கனம் கூட்டுவார்கள். தண்ணீர் டிரம்மை ஏற்றிக்கொண்டு வந்து, எடை போட்டதும் வழியில் கொட்டிவிடுவார்கள். சுமையோடு வரும்போது பின்சக்கரம் ஒன்றை மேடைக்கு வெளியே அரை அடி தள்ளி நிறுத்திவிட்டு, ஒன்றுமே தெரியாத பச்சைப்பிள்ளை போல ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். எடைமேடைக்காரர் தலையைத் தூக்கக்கூட மாட்டார். பிரேக் சத்தம் ஒன்றே போதும். மைக்கை எடுத்து, "எல்லாச் சக்கரமும் மேடை மேல" என்பார். அதே வாசகத்தை ஒரு தகரத்தில் அவரே பெயிண்டால் எழுதி ஜன்னலுக்குக் கீழே மாட்டியும் வைத்திருந்தார். எழுத்து கொஞ்சம் கோணல். கண்டிப்பில் குறையில்லை.

இப்படிப்பட்ட மனிதர் தன் மகளை ஏமாற்றினார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஏமாற்றினார். அதுவும் ஐம்பத்து மூன்று நாள் தொடர்ந்து.

மனைவி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் அவரும் மகளும்தான். மகள் தண்ணீரைப் பரிசோதிக்கும் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஊரில் இதைவிட நல்ல வேலை கிடைத்தது. அவள் போகவில்லை. கேட்டதற்கு, அந்த ஊர் வெயில் ஆகாது என்றாள். உண்மைக் காரணம் அப்பாவின் ரத்தத்தில் ஓடிய சர்க்கரைதான். அவர் வாய்க்கு வாய்தா கொடுக்கத் தெரியாதவர். எடைமேடைக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. அங்கே பதினொரு மணிக்கு உருளைக்கிழங்கு உருண்டையை எண்ணெயில் போடும் வாசனை சாலையைக் கடந்து, ஜன்னலில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக நேராக அவர் மூக்கைத் தேடி வரும்.

இப்போது மறுபடியும் ஒரு கடிதம் வந்திருந்தது. ரயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஊர், பெரிய சோதனைக்கூடம். இரண்டு மாதம் கழித்துச் சேர வேண்டும். மகள் கடிதத்தை மடித்து சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். அந்த டப்பாவை அவர் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவர் தொட்டதால்தான் கடிதம் கிடைத்தது.

இந்த முறை அவள் போயே ஆக வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். தன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரே இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கிறது என்ற நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. பேசிப் பேசி, இரண்டு பேரும் ஒருநாள் கோபித்துக்கொண்டு, பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மகள் அவருடைய போனில் 'பச்சைத்தட்டு' என்று ஒரு செயலியை ஏற்றினாள். சாப்பிடும் முன் தட்டைப் படம் எடுக்க வேண்டும், சாப்பிட்ட பின்னும் எடுக்க வேண்டும். காய்கறி, பயறு எல்லாம் இருந்தால் திரையிலுள்ள மரத்துக்கு இலை கிடைக்கும். எண்ணெய், இனிப்பு, பிளாஸ்டிக் பொட்டலம் இருந்தால் இலை உதிரும். மீதம் வைத்தாலும் உதிரும். ஒவ்வொரு வேளைக்கும், நாள் முடிவில் மொத்தத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் வரும். அவர் போனில் வருவது அவள் போனிலும் தெரியும்.

"அறுபது நாள்ல அம்பது நாளாவது பச்சை வரணும். வந்தா நான் போறேன். வரலன்னா பேச்சே இல்ல" என்றாள் மகள்.

இவர் வீறாப்பாகத் தலையாட்டினார்.

முதல் மூன்று நாளும் நேர்மையாகத்தான் நடந்தது. மகள் விடிகாலையில் எழுந்து வேகவைத்த காய்கறியும் பயறும் இஞ்சி போட்டுத் தாளித்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தாள். காலையும் மாலையும் வீட்டில் அவள் கண் எதிரே சாப்பாடு. அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் மதியத்தில்தான். அவர் பெட்டியைத் திறந்து படம் எடுப்பார், அதன் முகத்தைப் பார்ப்பார், அதுவும் இவர் முகத்தைப் பார்க்கும். பாதி சாப்பிடுவார். மீதியில் இருக்கும் இஞ்சித் துண்டுகளைப் பொறுக்கி மூடியின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவார். பல்லில் இஞ்சி பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவி திட்டியும் மாறாத பழக்கம் அது. செயலி மூன்று நாளும் மஞ்சள் காட்டியது. 'மீதம் வைத்திருக்கிறீர்கள். பூமி வருந்துகிறது' என்றது. நடுநடுவே தண்ணீர் குடித்தீர்களா என்று வேறு கேட்டது. பெற்ற தாய்கூடத் தன்னை இத்தனை முறை கேட்டதில்லை என்று அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

நாலாவது நாள் ஜல்லிக்காரர் வந்தார். குவாரியிலிருந்து நாளுக்கு மூன்று நடை ஜல்லி ஏற்றும் லாரி டிரைவர் அவர், எடைமேடைக்காரருக்கு நாலைந்து வயது இளையவர். மதிய நடையின்போது வரிசை நீளமாக இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு அறைக்குள் வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருவார். அன்று பெட்டி திறந்திருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். பார்த்த பார்வையில் பசி இருந்தது. அவருடைய வீட்டுக்காரி காலை ஷிப்டுக்குப் போய்விடுவதால் மதியம் கிடைத்ததைத் தின்பவர் அவர்.

"சாப்பிடுறீங்களா?" என்று எடைமேடைக்காரர் சும்மாதான் கேட்டார். பத்தே நிமிடத்தில் பெட்டி கழுவி வைத்தது போல ஆகிவிட்டது. சும்மா இருந்த கை போனை எடுத்துக் காலிப் பெட்டியைப் படம் பிடித்தது. அந்தக் கணம் வரை அவர் மனதில் எந்தத் திட்டமும் இருக்கவில்லை என்பதை அவர் சார்பில் சொல்லத்தான் வேண்டும். செயலி பச்சைப் பசேல் என்று மலர்ந்தது. 'அருமை! பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது' என்றது.

இருபத்தேழு வருடத்தில் குவாரி முதலாளிகூட அவருக்கு நன்றி சொன்னதில்லை. பூமியே சொல்கிறது என்றால் வேண்டாம் என்றா சொல்வார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனார். இரண்டு உருண்டை சாப்பிட்டார். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் சக்கரம் போட்டது போல ஓடியது. பன்னிரண்டரைக்கு ஜல்லிக்காரர் வருவார், பெட்டி காலியாகும், இலை துளிர்க்கும், இவர் எதிரே போவார். ஜல்லிக்காரர் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆளில்லை. உப்பு ஒரு கல் தூக்கல், பயறு இன்னும் கொஞ்சம் வேகலாம் என்று அபிப்பிராயம் சொல்வார். எடைமேடைக்காரர் அதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டு, மாலையில் வீட்டில் தான் சொல்வதுபோலச் சொல்வார். மகளுக்குச் சந்தோஷம் தாங்காது. அப்பா ரசித்துச் சாப்பிடுகிறாரே என்று மறுநாள் அதன்படியே செய்து கொடுப்பாள். இப்படியாக அந்தச் சமையல் கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லிக்காரரின் நாக்குக்குத் தோதாக ஆகிக்கொண்டே போனது.

பதினைந்தாம் நாள் வாக்கில் ஒருமுறை, ஜல்லிக்காரர் சொன்னதை அப்படியே கொண்டுவந்து, "இஞ்சி இன்னும் ரெண்டு துண்டு கூடப் போடும்மா, நல்லாருக்கு" என்றார்.

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழாயை மூடினாள். "சரிப்பா" என்றாள்.

அவர் பெருமையோடு செய்தித்தாளைப் பிரித்தார்.

நாற்பதாவது நாள் எடை எவ்வளவு என்று செயலி கேட்டது, மகளும் கேட்டாள். வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. எடைமேடைக்காரர் வீட்டில் எடை இயந்திரம் எதற்கு? மதியம் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து அவர் தன் மேடையிலேயே ஏறி நடுவில் நின்று கம்பத்தைப் பார்த்தார். லாரிக்குச் செய்த மேடை, இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். நூறு என்றது. அவர் எடை உண்மையில் தொண்ணூற்றி மூன்றோ நாலோ. ஆனால் மேடைக்கு அந்தச் சில்லறை விஷயமெல்லாம் தெரியாது. கீழே எண்பது, மேலே நூறு, இடையில் ஒன்றும் கிடையாது.

அவர் விளிம்புக்கு வந்து, வலது காலின் நுனியை மட்டும் பக்கத்துச் சிமென்ட் தரையில் மெல்ல ஊன்றினார். எண்பது. காலை எடுத்தார். நூறு. மறுபடி ஊன்றினார். எண்பது. கையோடு கம்பத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவளிடமிருந்து கைதட்டும் பொம்மை ஒன்று வந்தது. அறைக்குத் திரும்பும்போது ஜன்னலுக்குக் கீழே இருந்த தகரம் கண்ணில் பட்டது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

ஐம்பத்தாறாம் நாள். அதற்குள் ஐம்பத்திரண்டு பச்சை சேர்ந்தாயிற்று. மகள் பயணப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள், ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. எடைமேடைக்காரர் அன்று அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுக் கிளம்பியிருந்தார். மகளுக்கு அரை நாள் விடுப்பு. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று மதியம் பஸ் ஏறினாள்.

அவள் வந்து சேர்ந்தபோது அறை வாசற்படியில் ஜல்லிக்காரர் அவளுடைய பெட்டியை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு இங்கே வந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் என்பதால் அவருக்கு அவளைத் தெரியும். எழுந்து நின்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உன் கைக்கு மோதிரம் போடணும்மா. ரெண்டு மாசமா உன் சாப்பாடுதான். போன வாரம் டாக்டர்ட்ட போனேன், சர்க்கரை பாதியா இறங்கிருக்கு. என்ன சாப்பிடுறீங்கன்னு அவரே கேக்குறாரு" என்றார் வாயெல்லாம் பல்லாக. பாவம், அவருக்குச் சூதுவாது தெரியாது. அண்ணன் மனமுவந்து கொடுக்கிறார், தான் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான் அவருக்கு.

சாலைக்கு எதிர்ப்பக்கம், கையில் கடித்த உருண்டையோடு எடைமேடைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. உருண்டையைக் கீழே போடவும் தோன்றாமல், மறைக்கவும் தோன்றாமல், அதைப் பிடித்த பிடியிலேயே சாலையைக் கடந்து வந்தார்.

மகள் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தாள். ஜல்லிக்காரரிடம் நீங்க சாப்பிடுங்க அங்கிள் என்றாள். பிறகு மேடையைக் காட்டி, "ஏறி நில்லுங்கப்பா" என்றாள்.

ஏறினார். எங்கே நிற்க வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை. கால் தானாக விளிம்புக்குப் போனது. வலது காலின் நுனி தானாகத் தரையைத் தொட்டது. பழகிப்போன திருட்டு. கம்பத்தில் எண்பது மின்னியது.

மகள் அந்தக் காலைப் பார்த்தாள்.

"எல்லாச் சக்கரமும் மேடை மேல" என்றாள்.

அவர் காலை எடுத்து மேலே வைத்தார். நூறு. இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ டிரைவர்கள் அந்த இடத்தில் திருதிருவென்று விழித்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். விழிப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பெற்ற பெண்ணின் முன்னால் கூசிப்போய் நின்றார்.

"நீ போகணும்னுதாம்மா" என்றார்.

"தெரியும்ப்பா. முன்னாடியே தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. மகள் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொத மூணு நாள் மூடியில இஞ்சி இருந்துச்சு. நாலாம் நாள் பெட்டி சுத்தமா இருந்துச்சு. என்னடா இதுன்னு நெனச்சேன். அப்புறம் நீங்களே வந்து இஞ்சி கூடப் போடுன்னு சொன்னீங்க. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து இஞ்சியைப் பொறுக்கிப் போடுற மனுஷன் நீங்க." அவள் காலடியில் கிடந்த ஜல்லிக்கல் ஒன்றை எடுத்தாள். "கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டா பச்சை போயிடும், போனா நான் போக முடியாது. எனக்குப் போகணும்ப்பா. அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுதாள். தப்பு செய்தவர் அவர், அழுபவள் அவள். கையில் இருந்த பாதி உருண்டையை மடியில் வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினார். தன்னைப் பார்த்துக்கொள்ள இவளைக் கட்டிப்போட்டது போதாதென்று, இவளையும் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள், டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன் என்றாள்.

எடைமேடைக்காரர் எழுந்தார். போனை எடுத்துச் செயலியைத் திறந்தார். அடிமட்டத்தில் 'மீண்டும் தொடங்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார். நிச்சயமாகவா, உங்கள் ஐம்பத்தாறு நாள் உழைப்பும் அழிந்துவிடும் என்று செயலி பதறியது.

"உழைச்சது நானில்ல, ஜல்லிக்காரரு" என்று சொல்லி மறுபடி அமுக்கினார். மரம், இலை, பூமியின் நன்றி எல்லாம் போய்த் திரை வெறுமையானது.

"வண்டி ஏறுறதுக்கு முன்னாடி மேடை பூஜ்யத்துல இருக்கணும்" என்றார் மகளிடம். "நீ டிக்கெட்டை ரத்து பண்ணாத. நான் பச்சையா அனுப்புவேன்னு சொல்லல. தின்னதை அனுப்புவேன். சிவப்புன்னா சிவப்பு. அங்கேருந்து போன் பண்ணித் திட்டு. ஆனா போ."

சொல்லிவிட்டு மடியில் இருந்த பாதி உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தார். மகளின் கைப்பைக்குள் அவளுடைய போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். முதல் நாள். சிவப்பு. அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படியில் உட்கார்ந்திருந்த ஜல்லிக்காரர் மட்டும் பெட்டியை மூடுவதா, மீதியைச் சாப்பிடுவதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்த நான்கு நாளும் சிவப்பும் மஞ்சளும்தான். ஐந்தாம் நாள் அவள் ரயில் ஏறினாள். வண்டி நகரும்போது மருந்து, செருப்பு, தண்ணீர் என்று பத்து விஷயம் சொன்னாள். சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு எடைமேடைக்காரர் சமைக்கத் தொடங்கினார். அது ஒரு கண்கொள்ளாக் காட்சி. வீட்டுக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினார். உப்பைக்கூட நிறுத்துப் போட்டார். கேரட்டைத் தோலோடு நிறுத்து, தோல் சீவி நிறுத்து, தோலைத் தனியாக நிறுத்து, கூட்டிக் கழித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். மகள் எழுதிவைத்துவிட்டுப் போன தாளில் இஞ்சி மூன்று துண்டு என்று இருந்ததால், அதையும் தவறாமல் போட்டார். இரண்டு பெட்டி கட்டினார், ஒன்று தனக்கு, ஒன்று ஜல்லிக்காரருக்கு. மகள் சமையலோடு ஒப்பிட்டு ஜல்லிக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அவர் பெட்டியில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை.

எடைமேடைக்காரர் பெட்டியில் மிஞ்சியது. முதலில் பாதி, பிறகு கால். உருண்டை தினமும் இரண்டு என்பது வாரத்துக்கு இரண்டு என்று ஆனது. டீக்கடைக்காரர் தன்மேல் ஏதாவது வருத்தமா என்று ஆள்விட்டுக் கேட்டார்.

மகள் போய் நாற்பது நாள் இருக்கும். அன்று மதியம் அவர் தன் பெட்டியை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். காய், பயறு எல்லாம் காலி. மூடியின் ஓரத்தில் மட்டும் மூன்று இஞ்சித் துண்டு வரிசையாக இருந்தது. தானே நறுக்கி, தானே போட்டு, தானே பொறுக்கி வைத்தவை. போனை எடுத்தார். இஞ்சியைப் பார்த்தார். இந்த மூன்று துண்டால்தான் மஞ்சள் வரும், அவருக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் திறந்துதான் இருந்தது. சுண்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சுத்தமான பச்சை. விரல்கூட ஒரு நிமிடம் மூடியருகே போனது.

விரலை இழுத்துக்கொண்டு அப்படியே படம் எடுத்தார். மஞ்சள். 'மீதம் வைத்திருக்கிறீர்கள். பூமி வருந்துகிறது.'

"வருந்தட்டும்" என்றார் அவர்.

சற்று நேரத்தில் மகளிடமிருந்து செய்தி வந்தது. "இஞ்சியைப் பார்த்தேன்ப்பா. இன்னைக்கு நல்லா சாப்பிட்டிருக்கீங்க."

அவர் இரண்டு தரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். வெளியே ஒரு லாரி வந்து, பின்சக்கரம் ஒன்றை மேடைக்கு வெளியே விட்டு நின்றது. பிரேக் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அன்று மைக்கை எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.